சாகக் கிடந்தவரைப் பிழைக்க வைத்த சைக்கிள்

ராலே சைக்கிள் அதிபர் பிராங்க் பவுடன் வாழ்க்கை வரலாறு. பழைய சைக்கிளின் தேய்ந்த பிரேக்கைச் சீராக்கும் விதமும் இதில் உண்டு.

பணம் இருந்தது. மனைவி இருந்தாள். மகன் இருந்தான். ஆனால் உடம்பில் தெம்பு இல்லை.

1887-ம் ஆண்டு. இங்கிலாந்து நாட்டில் ஹாரோகேட் என்று ஓர் ஊர். ஊற்றுத் தண்ணீருக்குப் பேர் போன ஊர். நோயாளிகள் அங்கே போய்த் தங்கி உடம்பைத் தேற்றிக் கொள்வார்கள். அங்கே ஒரு பணக்காரர் நோயோடு வந்து சேர்ந்தார். இனி ஆறு மாதம் உயிரோடு இருந்தால் பெரிது என்று டாக்டர்கள் கைவிரித்து விட்டார்கள் என்பது அவரைப் பற்றி வழிவழியாகச் சொல்லப்படும் கதை.

டாக்டர் ஒருவர் கடைசியாக ஒரு யோசனை சொன்னார். மருந்து அல்ல, மாத்திரை அல்ல. சைக்கிள் ஓட்டச் சொன்னார்!

நோயாளி அப்படியே செய்தார். பிழைத்துக் கொண்டார். பிறகு 34 ஆண்டுகள் வாழ்ந்தார். அதோடு நிற்கவில்லை. உலகத்திலேயே மிகப் பெரிய சைக்கிள் தொழிற்சாலையைக் கட்டினார்.

அவர்தான் பிராங்க் பவுடன். அவர் செய்த சைக்கிள்தான் "ராலே".

ஹாங்காங்கில் சேர்த்த பணம்

பவுடன் 1848-ம் ஆண்டு ஜனவரி 30-ந் தேதி பிறந்தார்.

இளமையில் கடல் கடந்து ஹாங்காங் தீவுக்குப் போனார். அப்போது அது பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தது. அங்கே வியாபாரத்தில் இறங்கிப் பெரும் பணம் சேர்த்தார்.

1879-ல் அமெரிக்காவில், சான்பிரான்சிஸ்கோ நகரத்தில் அவருக்குத் திருமணம் நடந்தது. மறு ஆண்டு மகன் பிறந்தான். மகனுக்கு ஹெரால்டு என்று பெயர் வைத்தார்கள்.

இதற்குள் பவுடனின் உடல்நிலை கெட்டு விட்டது. உழைக்க வேண்டிய வயதில் ஓய்ந்து போனார். ஊர் திரும்பினார். டாக்டர் சொன்னபடி சைக்கிளில் ஏறினார்.

தினமும் சைக்கிள் மிதித்தார். காற்று வாங்கினார். பசி எடுத்தது. தூக்கம் வந்தது. போன உடம்பு மெல்லத் திரும்பியது.

மூன்று பேர், ஒரு பட்டறை

பவுடனுக்கு ஒரு குணம் உண்டு. ஒரு பொருள் பிடித்து விட்டால், அதைச் செய்தவர் யார் என்று தேடிப் போவார்.

1888-ம் ஆண்டு நாட்டிங்காம் நகரத்துக்குப் போனார். அங்கே ராலே தெரு என்று ஒரு தெரு. இங்கிலாந்தின் பழங்காலக் கடலோடி வால்டர் ராலேயின் பெயரைத் தாங்கிய தெரு அது. அந்தத் தெருவில் ஒரு சின்னப் பட்டறை. உட்ஹெட், ஆங்வா, எல்லிஸ் என்ற மூன்று பேர் அதை நடத்தி வந்தார்கள். வாரத்துக்கு மூன்று சைக்கிள்தான் அவர்களால் செய்ய முடிந்தது.

அவர்கள் செய்த சைக்கிளில் கியர் மாற்றும் கருவி ஒன்று இருந்தது. அது பவுடனின் மனதைக் கவர்ந்தது. தொழிலில் பணம் போட்டார். எல்லிஸின் பங்கை வாங்கிக் கொண்டார். 1888-ம் ஆண்டு டிசம்பர் மாதம் "ராலே சைக்கிள் கம்பெனி" பிறந்தது. தெருவின் பெயரே சைக்கிளின் பெயர் ஆயிற்று!

சின்னப் பட்டறை போதவில்லை. பக்கத்தில் ரஸ்ஸல் தெருவில் ஐந்து மாடிக் கட்டிடம் ஒன்று இருந்தது. முன்பு லேஸ் பின்னிய தொழிற்சாலை அது. அங்கே சைக்கிள் வேலை நடந்தது. அதுவும் போதவில்லை. 1896-ல் லென்டன் என்ற பகுதியில் ஏழரை ஏக்கர் நிலத்தில் புதுத் தொழிற்சாலை எழுந்தது. அன்றைக்கு உலகத்தில் அதைவிடப் பெரிய சைக்கிள் தொழிற்சாலை கிடையாது.

எட்டே ஆண்டு. வாரம் மூன்று சைக்கிள் செய்த இடம், உலகத்தில் முதல் இடத்துக்கு வந்து விட்டது.

பந்தயமும் விளம்பரமும்

பவுடனுக்கு வியாபார தந்திரம் தெரியும். நல்ல சைக்கிள் என்று வாயால் சொன்னால் போதாது; ஓடிக் காட்ட வேண்டும் என்று நினைத்தார்.

அமெரிக்காவில் சிம்மர்மன் என்று ஒரு பந்தய வீரர் இருந்தார். 1892-ல் அவர் இங்கிலாந்துக்கு வந்து ராலே சைக்கிளில் ஏறினார். பந்தயத்துக்குப் பந்தயம் வெற்றி பெற்றார். அவர் படம் போட்ட விளம்பரங்கள் வெளிவந்தன. அடுத்த ஆண்டு சிக்காகோ நகரத்தில் நடந்த உலகப் போட்டியில் சிம்மர்மன் சாம்பியன் ஆனார். ராலேயின் பெயர் எங்கும் பரவியது.

1896-ல் மில்ஸ் என்ற வேறொரு பந்தய வீரர் ராலே தொழிற்சாலையின் நிர்வாகியாக வந்தார். பிரான்சு நாட்டில் போர்டோ நகரத்தில் இருந்து பாரிஸ் வரை நடந்த 1891-ம் ஆண்டுப் பந்தயத்தில் முதலாவதாக வந்தவர் இவர். சைக்கிளை ஓட்டியும் தெரியும், செய்தும் தெரியும்.

முன்பெல்லாம் சைக்கிள் குழாய்களை இணைக்கும் துண்டுகளை வார்ப்பாக வார்ப்பார்கள். கனமாக இருக்கும். ராலேயில் எஃகுத் தகட்டை யந்திரத்தில் அழுத்தி அந்தத் துண்டுகளைச் செய்தார்கள். எடை குறைந்தது. வலிமை கூடியது. முழுவதும் எஃகால் ஆன சைக்கிள் என்று விளம்பரம் செய்தார்கள்.

சரிவும் பிழைப்பும்

வாழ்வு வந்தால் தாழ்வும் வரும் அல்லவா?

1896-ல் இங்கிலாந்தில் சைக்கிள் மோகம் உச்சியில் இருந்தது. சைக்கிள் கம்பெனிப் பங்கு என்றால் ஜனங்கள் அடித்துப் பிடித்து வாங்கினார்கள். ராலேயும் அந்த ஆண்டு பொதுமக்கள் பங்கு வாங்கும் கம்பெனியாக மாறியது. ஆனால் ஒன்றிரண்டு ஆண்டுக்குள் மோகம் தணிந்து விட்டது. சைக்கிள்கள் விற்காமல் தேங்கின. விலை இறங்கியது. பல கம்பெனிகள் இழுத்து மூடப்பட்டன.

பவுடன் கலங்கவில்லை. கம்பெனியை விட்டு ஓடவும் இல்லை. மெல்ல மெல்லத் தூக்கி நிறுத்தினார். 1908-ல் அவரே கம்பெனியின் ஏக உரிமையாளர் ஆனார்.

ராலே சைக்கிளின் முகப்பில் ஒரு நாரைத் தலை இருக்குமே, பார்த்திருக்கிறீர்களா? அது பவுடன் குடும்பத்தின் சின்னம்.

பிரேக் எப்படி வந்தது?

இன்றைக்கு பிரேக் இல்லாத சைக்கிளை நினைத்துப் பார்க்க முடியுமா? பவுடன் தொழிலுக்கு வந்த நாளில் பிரேக் பெயருக்குத்தான் இருந்தது.

அப்போதைய சைக்கிளில் பெடலும் பின் சக்கரமும் சேர்ந்தே சுற்றும். சக்கரம் சுற்றும் வரை பெடலும் நிற்காது. இறக்கத்தில் காலை எடுத்துவிட்டால் பெடல் தானாகச் சுழன்று கொண்டே இருக்கும். வேகத்தைக் குறைக்க வேண்டுமானால் காலால் பெடலை எதிர்த்து அழுத்த வேண்டும். கால்தான் பிரேக்!

அவசரத்துக்கு முன் சக்கரத்தில் மட்டும் ஒரு பிரேக் இருக்கும். அது கரண்டி போல் வளைந்த இரும்புத் தகடு. கைப்பிடியை அழுத்தினால் அது டயரின் தலையில் போய் அழுத்தும். டயர் கெட்டி ரப்பராக இருந்த வரை அது சரியாகத்தான் இருந்தது.

1888-ல் பெல்பாஸ்ட் நகரத்தில் டன்லப் என்ற கால்நடை டாக்டர் காற்றடைத்த டயருக்கு உரிமை பெற்றார். சைக்கிள் மெத்தை போல ஓடியது. ஆனால் கரண்டி பிரேக் அந்த டயரைத் தேய்த்து நாசம் செய்தது.

பிறகு வந்தது "பிரீவீல்". பெடலை நிறுத்தினாலும் சக்கரம் மட்டும் ஓடும் அமைப்பு. 1900-ம் ஆண்டை ஒட்டி எங்கும் பரவியது. சுகமான பயணம். ஆனால் ஓர் ஆபத்தும் கூடவே வந்தது. காலால் வேகத்தைக் குறைக்கும் வழி போய் விட்டது. இனி சைக்கிளை நிறுத்த பிரேக் ஒன்றுதான் கதி.

டயரைத் தொடாத பிரேக் வேண்டும். இரண்டு சக்கரத்துக்கும் வேண்டும். அதற்கு என்ன வழி? டயரை விட்டுவிட்டு, ரிம்மைப் பிடிக்க வேண்டும்.

இரண்டு பவுடன்கள்

ரிம்மைப் பிடிக்க இரண்டு வழி பிறந்தது. ஒன்று கம்பி. மற்றொன்று ஒயர்.

ஒயர் பிரேக்கில் வளையும் குழாய்க்குள் எஃகு ஒயர் ஓடும். இதற்கு "பவுடன் ஒயர்" என்றே பெயர். இதைக் கண்டுபிடித்தவர் ராலே அதிபர் பவுடன்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். அது தவறு!

ஒயரைக் கண்டுபிடித்தவர் எர்னஸ்ட் மானிங்டன் பவுடன். அயர்லாந்துக்காரர். 1860-ல் பிறந்து 1904-ல் இறந்தவர். 1896-ல் இந்த ஒயருக்கு உரிமை பெற்றார். இரண்டு பவுடன்களும் நெருங்கிய உறவினர்கள் என்பதற்கு ஆதாரம் இல்லை. பெயர்தான் ஒன்று.

ஆனால் ராலே அதிபர் ஒரு காரியம் செய்தார். 1900-ம் ஆண்டு ஜனவரி மாதம் ராலே கம்பெனி அந்த ஒயரைப் பயன்படுத்த அனுமதி வாங்கியது. நல்ல சரக்கைக் கண்டதும் விடாமல் பிடித்துக் கொள்ளும் பழைய குணம் அவரை விட்டுப் போகவில்லை.

1902-ல் மூன்று வேகக் கியர் வந்தது. அதற்கும் பவுடன் பணம் போட்டார். ஸ்டர்மி, ஆர்ச்சர் என்ற இருவர் பெயரால் அது உலகம் முழுவதும் விற்றது. அதில் பெரும் பங்கு உழைத்தவர் ரெய்லி என்பவர். அவர் வேறு கம்பெனியோடு ஒப்பந்தம் செய்திருந்ததால் அவர் பெயர் வெளியே வரவில்லை!

ஆறு மாதம் 34 ஆண்டானது

பவுடன் தன்னைப் பிழைக்க வைத்த சைக்கிளை மறக்கவில்லை. உடல்நலத்துக்காகச் சைக்கிள் ஓட்டுவது பற்றி ஒரு புத்தகமே எழுதினார். அது 1913-ல் வெளிவந்தது.

முதல் உலகப் போரின்போது ராலே தொழிற்சாலையில் போர்த் தளவாடங்கள் செய்தார்கள். 1915-ல் அரசர் அவருக்குப் பரம்பரைப் பட்டம் வழங்கினார். பிராங்க் பவுடன் "சர் பிராங்க்" ஆனார்.

1921-ம் ஆண்டு ஏப்ரல் 25-ந் தேதி அவர் காலமானார். அப்போது வயது 73. டாக்டர்கள் கொடுத்த கெடு ஆறு மாதம். அவர் வாழ்ந்ததோ 34 ஆண்டு!

மகன் ஹெரால்டு கம்பெனியின் தலைவர் ஆனார். கம்பெனி மேலும் வளர்ந்தது. 1950-களில் வங்காளத்தில் அசன்சோல் அருகே "சென்-ராலே" தொழிற்சாலை ராலே சைக்கிள்களைச் செய்தது. சென்னையை அடுத்த அம்பத்தூரில் முருகப்ப செட்டியார் குடும்பத்தார், இங்கிலாந்தின் "டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ்" கம்பெனியோடு சேர்ந்து 1949-ல் டி.ஐ. சைக்கிள் கம்பெனியைத் தொடங்கினார்கள். 1960-ல் ராலே கம்பெனியே அந்த இங்கிலாந்துக் கம்பெனியோடு சேர்ந்து விட்டது.

நாட்டிங்காமில் சைக்கிள் செய்யும் வேலை 2002-ல் நின்று போயிற்று. தொழிற்சாலை போய் விட்டது. ஆனால் சைக்கிள்கள் போகவில்லை. தாத்தா ஓட்டிய ராலே இன்றும் எத்தனையோ வீட்டுத் திண்ணையில் சாய்ந்து கிடக்கிறது. அதைப் புதுப்பித்து ஓட்ட வேண்டும் என்ற ஆசை பலருக்கு இருக்கிறது.

இங்கேதான் ஒரு தவறு நடக்கிறது.

முதலில் பிரேக், பிறகு பெயின்டு

பழைய சைக்கிளை எடுத்தவுடன் பலர் பெயின்டு கடைக்கு ஓடுகிறார்கள். பளபளப்பாகப் பூசி, முலாம் போட்டு, படம் எடுத்து மகிழ்கிறார்கள். பிரேக்கைத் திரும்பிப் பார்ப்பதில்லை. மினுக்கும் சைக்கிள் இறக்கத்தில் நிற்காமல் ஓடினால் என்ன ஆகும்? ஒரு மனிதரின் உயிரை மீட்ட சைக்கிள், இன்னொருவர் உயிரைக் குடித்து விடும்.

ராலேயின் கம்பி பிரேக் மிக எளிமையான கருவி. ஒளிவு மறைவு இல்லை. எல்லாம் கண்ணுக்குத் தெரியும். ஹேண்டில்பாரின் கீழே இரண்டு பிடிகள். பிடியை அழுத்தினால் கம்பி மேலே இழுக்கும். கம்பியின் நுனியில் லாடம் போல வளைந்த ஓர் இரும்பு. அதன் இரண்டு காலிலும் இரண்டு பிரேக் கட்டைகள். அந்தக் கட்டைகள் ரிம்மின் உள்பக்கத்தில் போய் அழுத்தும். சக்கரம் நிற்கும்.

பின் சக்கரத்துக்குக் கம்பி நேராகப் போக முடியாது. ஆகவே வழியில் முழங்கை போல வளைந்த துண்டுகள் இருக்கும். இழுவையைத் திருப்பி விடுவது அவற்றின் வேலை.

இதில் தேய்வது எது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கழற்றும் முன்

முதலில் நான்கு பக்கமும் படம் எடுத்துக் கொள்ளுங்கள். எந்தக் கம்பி எங்கே போகிறது என்று காகிதத்தில் வரைந்து கொள்ளுங்கள். முன் பிரேக்கின் சாமான்களை ஒரு டப்பாவிலும், பின் பிரேக்கின் சாமான்களை வேறொரு டப்பாவிலும் போடுங்கள். கலந்து விட்டால் பிறகு தலைவலி.

துருப்பிடித்த நட்டை முரட்டுத்தனமாகத் திருகாதீர்கள். நட்டின் முனை மழுங்கி விடும். அல்லது போல்ட் ஒடிந்து விடும். மண்ணெண்ணெய் விட்டு ஓர் இரவு ஊற விடுங்கள். லேசாகத் தட்டிப் பாருங்கள். அசையவில்லை என்றால் மறுபடி ஊற விடுங்கள். அவசரம் ஆகாது.

பழைய நட்டு, போல்ட்டைத் தூக்கி எறியாதீர்கள். ராலே கம்பெனி பல இடங்களில் தன் சொந்த மரையையே வைத்திருந்தது. பெடல் அச்சு உட்காரும் இடத்தில் மற்ற சைக்கிள்களுக்கு அங்குலத்துக்கு 24 மரை. ராலேக்கு 26 மரை! வேறு சைக்கிளின் சாமானை அதில் பலவந்தமாக ஏற்றினால் இரண்டு மரையும் கெடும். ஆகவே எதை வாங்கப் போனாலும் பழைய சாமானைக் கையோடு கொண்டு போங்கள்.

கட்டை தேயாவிட்டாலும் மாற்றுங்கள்

பிரேக் கட்டை ரப்பரால் ஆனது. பல ஆண்டு கிடந்தால் ரப்பர் கல் போல இறுகி விடும். தேயாமல் முழுதாக இருக்கிறதே என்று எண்ணி ஏமாறாதீர்கள். இறுகிய ரப்பர் ரிம்மில் வழுக்கும், பிடிக்காது. நகத்தால் அழுத்திப் பாருங்கள். கொஞ்சமும் அமுங்கவில்லை என்றால் அதன் ஆயுள் முடிந்தது.

கம்பி பிரேக் சைக்கிள்கள் நம் நாட்டில் இன்றும் செய்யப்படுகின்றன. ஆகவே கட்டை கிடைப்பது கஷ்டம் இல்லை. விலையும் அதிகம் இல்லை.

கட்டையை மாட்டும்போது ஒன்றை மறக்கவே கூடாது. ரப்பர் உட்காரும் இரும்புக் கூட்டுக்கு ஒரு பக்கம் மூடி இருக்கும். மறுபக்கம் திறந்திருக்கும். பிரேக் பிடிக்கும்போது, ஓடும் ரிம் ரப்பரையும் தன்னோடு இழுக்கும். அப்படி இழுக்கும்போது ரப்பர் மூடிய பக்கத்தில் போய் முட்ட வேண்டும். மாற்றி மாட்டி விட்டால் ரப்பர் திறந்த பக்கமாக நழுவிக் கீழே விழுந்து விடும். வெறும் இரும்புதான் மிஞ்சும். எந்த நேரத்தில் விழும் தெரியுமா? வேகமாகப் போய், அழுத்தி பிரேக் பிடிக்கும் நேரத்தில்தான்!

மாட்டிய பிறகு சக்கரத்தைக் கையால் முன்னோக்கிச் சுற்றுங்கள். கட்டை இருக்கும் இடத்தில் ரிம் எந்தப் பக்கம் போகிறதோ, அந்தப் பக்கம் மூடி இருக்கிறதா என்று பாருங்கள். நான்கு கட்டைக்கும் இப்படிப் பார்க்க வேண்டும்.

துளை பெரிதானால்

பிடியை ஹேண்டில்பாரில் இடிக்கிற அளவுக்கு அழுத்தியும் சைக்கிள் நிற்கவில்லையா? கட்டை புதிதாக இருந்தும் பிடிக்கவில்லையா? மூட்டுகளைப் பாருங்கள்.

கம்பியும் முழங்கைத் துண்டும் சேரும் இடத்தில் ஒரு துளை இருக்கும். அதில் ஓர் ஆணி ஓடும். ஆண்டுக்கணக்கில் ஓடி ஓடித் துளை முட்டை வடிவமாகி விடும். ஆணியும் மெலிந்து விடும். ஒரு மூட்டில் அரை மில்லிமீட்டர் ஆட்டம் என்றால் பெரிதாகத் தோன்றாது. பின் பிரேக்கில் இப்படிப் பல மூட்டுகள் உண்டு. எல்லா ஆட்டமும் சேர்ந்தால் பிடியின் இழுப்பு முழுவதையும் மூட்டுகளே விழுங்கி விடும். கட்டைக்கு மிச்சம் ஏதும் போய்ச் சேராது.

இதற்கு வழி உண்டு. முட்டை வடிவத் துளையைச் சற்றுப் பெரிதாக, வட்டமாகத் துளைக்க வேண்டும். அதில் பித்தளை புஷ் ஒன்றை இறுக்கமாக அடிக்க வேண்டும். ஆணிக்கு ஏற்றபடி புஷ்ஷின் துளை இருக்க வேண்டும். லேத்துப் பட்டறையில் இதைச் செய்து தருவார்கள். சுற்றிலும் இரும்பு போதுமான கனம் இருந்தால் புஷ் இல்லாமல், சற்றுப் பருமனான ஆணியும் போடலாம். கனம் இல்லை என்றால் அந்தத் துண்டையே மாற்றி விடுவது நல்லது.

துளையை முடித்துவிட்டுத்தான் முலாம் போடக் கொடுக்க வேண்டும். முலாத்திலும் ஒரு விஷயம் உண்டு. பவுடன் காலத்துச் சைக்கிளுக்கு நிக்கல் முலாம்தான் போட்டார்கள். குரோமியம் முலாம் அவர் இறந்த பிறகு வந்தது. சைக்கிள் மிகப் பழையது என்றால் இதை நினைவில் வையுங்கள்.

லாடமும் ஸ்பிரிங்கும்

லாட இரும்பின் இரண்டு காலும் சமமாக இருக்க வேண்டும். சைக்கிள் கீழே விழும்போது ஒரு கால் வளைந்து விடும். அப்போது ஒரு கட்டை மட்டும் ரிம்மைத் தொடும். மற்றது சும்மா இருக்கும். பாதி பலம்தான் கிடைக்கும்.

அதை மெதுவாக, குளிர்ந்த நிலையிலேயே நிமிர்த்துங்கள். விரிசல் தெரிந்தால் நிமிர்த்த வேண்டாம். பற்றவைத்து ஒட்டவும் வேண்டாம். வேறு ஒன்று மாற்றி விடுங்கள். உயிர் நிற்கும் இடம் அது.

பிடியை விட்டவுடன் கட்டை விலக வேண்டும். விலகாமல் உரசினால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். அல்லது லாடம் ஏறி இறங்கும் வழியில் துரு இருக்கும். துருவைத் தேய்த்து எடுத்து, ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். ஒரு சொட்டுத்தான்! எண்ணெய் வழிந்து ரிம்முக்குப் போனால் பிரேக் பிடிக்காது.

ரிம் சரியாக இருந்தால்தான்

பிரேக் என்பது கட்டை மட்டும் அல்ல. ரிம்மும் பிரேக்கில் பாதி.

ரிம்மின் உள்பக்கத்தில் துரு குழிகுழியாக இருந்தால் புதுக் கட்டையை அரம் போல அரைத்துத் தள்ளி விடும். உப்புத்தாளால் தேய்த்துச் சமப்படுத்துங்கள். துரு தின்று ரிம் மெலிந்திருந்தால் அதை ஓட்டவே கூடாது.

சக்கரம் ஆடினால் கோட்டம் எடுக்க வேண்டும். பழைய ராலேயில் முன் சக்கரத்துக்கு 32 கம்பி, பின் சக்கரத்துக்கு 40 கம்பி இருக்கும். தளர்ந்த கம்பியை இறுக்கி, இறுகியதைத் தளர்த்திச் சக்கரத்தை நேராக்குவார்கள். கோட்டம் எடுத்த பிறகுதான் பிரேக்கை அளவு பார்க்க வேண்டும். கட்டைக்கும் ரிம்முக்கும் இடையே சுமார் 3 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் போதும். கம்பியில் உள்ள நட்டைத் திருகி இதைச் சரி செய்யலாம்.

ஒயர் பிரேக் உள்ள சைக்கிளா? ஒயரின் நுனியில், குமிழ் இருக்கும் இடத்தைப் பாருங்கள். ஓர் இழை அறுந்திருந்தாலும் அந்த ஒயர் ஆகாது. மற்ற இழைகளும் வரிசையாக அறும். புது ஒயரை வெட்டுமுன், வெட்டும் இடத்தில் ஈயப் பற்று வைத்துக் கொண்டால் இழை பிரியாது.

ஓட்டிப் பார்க்கும் விதம்

எல்லாம் முடிந்தது. உடனே ஏறி ஓட்டலாமா? கூடாது.

முதலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடங்கள். முன் பிரேக்கை மட்டும் பிடியுங்கள். பிறகு பின் பிரேக்கை மட்டும் பிடியுங்கள். இரண்டும் தனித்தனியாகச் சக்கரத்தை நிறுத்த வேண்டும். எல்லா நட்டையும் மறுபடி இறுக்குங்கள். பிறகு ஆள் இல்லாத சமமான இடத்தில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். இறக்கம் கடைசியில்தான்.

மழை நாளில் ஜாக்கிரதை! இரும்பு ரிம் நனைந்தால் கட்டை வழுக்கும். சைக்கிள் நிற்க அதிக தூரம் ஆகும். இது பழுது அல்ல. அந்தக் காலத்துப் பிரேக்கின் குணம் அது. மழையில் மெதுவாகப் போவதுதான் வழி.

பழையதை மதிப்போம்

நாட்டிங்காமின் சின்னப் பட்டறையில் தொடங்கிய சைக்கிள் நூறு ஆண்டு கடந்தும் ஓடுகிறது என்றால் காரணம் என்ன? அதில் கழற்ற முடியாத சாமான் இல்லை. தேய்ந்ததை மட்டும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் புதிது போடலாம். ஒரு ஆணி கெட்டால் ஆணியை மாற்றலாம். சைக்கிளையே தூக்கி எறிய வேண்டியது இல்லை.

பிராங்க் பவுடனும் அப்படித்தான். இவர் உடம்பு இனி உதவாது என்று ஒதுக்கி விட்டார்கள். அவர் தம்மைத் தாமே சீர்செய்து கொண்டார்.

உங்கள் வீட்டுத் திண்ணையில் தாத்தாவின் சைக்கிள் கிடந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே எடுத்துத் துடையுங்கள். பெயின்டு பிறகு பார்த்துக் கொள்ளலாம். முதலில் பிரேக்கைப் பிடித்துப் பாருங்கள்.